நாற்பத்தோராவது நிமிடத்து ஜன்னல்

ஜூன் 4

அக்காவுக்கு,

மூன்று வாரமாக அடிக்கிறேன், நீ போனை எடுக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் நாலு வரியாவது கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கள் அறையில் ஆறு பேர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

என் பேய்ப் படம் இணையத்தில் வந்து பதினாறு நாள் ஆகிறது. நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்தவர்கள் எழுதியதை உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் சூனியக்காரியின் பல் நீ செய்தது.

"சூனியக்காரி சாபம் விடுறப்ப பயமே வரல. பல்லு அவ்வளவு வரிசையா இருக்கு. எந்த டாக்டர்னு சொன்னா நானும் போய்க் கட்டிக்குவேன்."

"ஒரே வீடு, ஒரே மரம், ஹீரோயினுக்கு ஒரே முகபாவம். கணக்கா எடுத்திருக்காங்க."

"'இந்த வாசலுக்குள்ள வந்தவங்க யாரும் வெளிய போக முடியாது'ன்னு சாபம் விடுறாங்க. நான் பத்தே நிமிஷத்துல வெளிய போயிட்டேன். சாபம் பலிக்கல."

கடைசியில் இருப்பவனை மட்டும் நேரில் பார்த்தால் கைகுலுக்கலாம் என்று இருக்கிறது. மற்றவர்கள் எழுதியதை உனக்கு அனுப்பினால் தபால்காரர் கூலி கேட்பார். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் வீட்டில் பன்னிரண்டு நாள் ஷூட்டிங் வைத்து உன்னைப் படாத பாடு படுத்தினேன். முன்னறைச் சுவரில் செயற்கை ரத்தக் கறை, உடைந்த வாஷ்பேசின், எல்லாம் தெரியும். அந்தக் கோபத்தில்தானே கடைசி நாள் "இனிமே இந்தப் பக்கம் வராதே"ன்னு சொன்னாய்? சொல்லி ஏழு மாதம் ஆகிறது. ஒரு வாஷ்பேசினுக்கு ஏழு மாதம் அதிகம் அக்கா.

அப்பா எப்படி இருக்கிறார்? படத்தின் முடிவில் நம் வீட்டுக்கு நன்றி போட்டிருக்கிறேன், கதவு எண், தெருப் பெயரோடு. அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, காது மட்டும் பாம்புக் காதாக இருக்கிறது. நான் உன்னிடம் பேசுவது எதுவும் அவர் காதில் விழக்கூடாது. தவிர, உன் குரலைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். அது வேண்டாம். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

உன் நன்றி கிடைத்தது. கதவு எண்ணோடு போட்டாயே, அந்த நன்றி தினமும் வாசலுக்கு வந்து நிற்கிறது. சாயங்காலமானால் பைக்கில் இரண்டு பேர், மூன்று பேர். "சாப வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். நான் துணி உலர்த்த வந்தால், "ஐயோ, இவங்க உள்ளதான் இருக்காங்களா!" என்கிறார்கள். நன்றி சொல்லத் தெரியாதவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பல்லைப் பற்றி. சூனியக்காரிக்குக் கோணல் பல் வேண்டும் என்று நீ சொல்லவில்லை. "பல் செட் ஒண்ணு செஞ்சு குடுக்கா, பெரிசா இருக்கணும்" என்றாய். பதினெட்டு வருஷமாகக் கிழவர்களுக்குப் பல் செட் செய்கிறவள் நான். என் கைக்குக் கோணல் வராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் படம் கோணியதற்கு என் பல் என்ன செய்யும்?

ரத்தக் கறை போகவில்லை. வாஷ்பேசினை மாற்றிவிட்டேன். என் கோபம் அதற்கல்ல. எதற்கு என்று கேட்காதே.

இன்னொன்று. நான் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன வேலை மறுபடி வந்திருக்கிறது. வேறு ஊர், பெரிய பல் லேப், ஏழு பேருக்கு மேற்பார்வை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். மூன்றாவது தடவை கேட்க மாட்டார்களாம். இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. உன்னை வரச் சொல்லவில்லை. அப்பாவை விட்டுவிட்டு நான் தெருமுனைக்கே போக முடிவதில்லை, இதில் வேறு ஊராம்.

வருகிறவர்கள் முன்வாசலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் நின்று முற்றத்துச் சுவருக்கு மேலாகப் பின்னறை ஜன்னலைத்தான் எடுக்கிறார்கள். நீ எனக்குச் சொன்ன கதையில் அந்த ஜன்னலில் யாரும் வருவதில்லையே? அப்பா கட்டிலும் என் மேஜையும் இருக்கிற அறை அது. திரை போட்டுவிட்டேன். வெளிச்சம் இல்லாமல் பல்லின் நிறம் தெரியாமல் வேலை செய்கிறேன்.

சிரிக்க வைப்பதற்கு மட்டும் என்றால் இனி எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

நாற்பத்தோராவது நிமிடம். கதாநாயகி முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், சாபம் தன்மேல் இறங்கிவிட்டது என்று முதல்முறையாகப் புரிந்துகொள்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் தூரத்தில் உன் பின்னறை ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு பெண் நிற்கிறாள்!

யாரோ ஒருத்தி அந்த இடத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"படம் முழுக்க சிரிச்சுக்கிட்டே பார்த்தேன். இந்த ஜன்னலைப் பார்த்ததும் போனைக் கீழ போட்டுட்டேன்."

"சூனியக்காரியெல்லாம் சும்மா. நிஜப் பேய் பின்னாடி நிக்குது, டைரக்டருக்கே தெரியல."

"அவ கூப்பிடுறாளா, கிட்ட வராதேன்னு விரட்டுறாளா? கை அப்படியே கண்ணாடில அப்பியிருக்கு. மூணு நாளா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன்."

கூப்பிடுகிறாள் என்று ஒரு கட்சி, விரட்டுகிறாள் என்று ஒரு கட்சி. அந்தச் சண்டையில் நாலு லட்சம் பேர் படத்தைப் பார்த்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே போனேன் என்று எழுதினானே, அவன் திரும்பி வந்து, "மன்னிச்சிருங்க, முழுசா பார்த்துட்டேன், தூக்கம் போச்சு" என்று எழுதியிருக்கிறான்.

சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா. இந்தப் படத்தை வெட்டி ஒட்டியவனே நான்தான், முந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன். கேமராமேன் லென்ஸ் அண்ணன், "கண்ணாடில ஏதோ பிரதிபலிப்பு" என்றார். நேற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கும், காதுக்குப் பின்னால் செருகிய பென்சிலும். நீ! ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நமக்குப் பூதம் கிளம்பிக் கிணற்றை நிரப்பிவிட்டது.

தயாரிப்பாளர் தரையில் இல்லை. சிமெண்ட் கல் அறுக்கிற மனிதர், எதற்கும் அசைய மாட்டார். இப்போது பேட்டியில், "அதெல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டதுதான்" என்கிறார். இரண்டாம் பாகம் உறுதி. தலைப்பே ஜன்னல்காரி. ஆகஸ்டில் பதினைந்து நாள் வீடு வேண்டும். நீ அரை நாள் அந்த ஜன்னலில் நின்றால் போதும், அதே மாதிரி கையை வைத்து. நடிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. கதாநாயகி முப்பது தடவை முயன்றும் வராத பாவம் உனக்கு ஒரே தடவையில் வந்திருக்கிறது.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கூப்பிட்டாயா, விரட்டினாயா?

தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

உன் படத்தைப் பார்த்தேன். முழுதும் இல்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிற பெண்ணின் போனில், பக்கத்து வீட்டில் அரை மணி அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செய்த பல்லைக் கொடுக்கப் போன இடத்தில், நாற்பத்தோராவது நிமிடத்தை மட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாருங்க, இப்ப வரும் பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தது. அவள் வீல் என்றாள். நான்தான் அது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் முதலில் தெரியவில்லை.

கேட்டாயே, பதில் சொல்கிறேன். ஏழு மாதம் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், இனிமேல் முடியாது.

பின்னறைக் கதவு காற்றுக்குத் தானாகத் திறந்து கிறீச்சிடுகிறது, சத்தப் பதிவு கெடுகிறது என்று முதல் நாளே வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் அடித்தாய். "டேக் போறப்ப மட்டும் போட்டுக்கறோம்கா" என்றாய். நான்தான் சொன்னேன், "போட்டுக்கோடா, நாங்க எங்க போகப்போறோம்." ரிங்டோன் அடிக்கக்கூடாது என்று எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி முன்னறையில் வைப்பது உன் சட்டம். என் போனையும் வாங்கினாய். சட்டம் என்றால் அக்காவுக்கும்தான் என்று சிரித்தாய், நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள், பகல் பதினொன்றரை. நான் மேஜையில் பிளாஸ்டர் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் அப்பா கட்டிலுக்குக் கீழே. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொல் வரவில்லை.

கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள். ஜன்னலுக்கு ஓடினேன். கம்பிக்கு உள்ளே கண்ணாடி, அதையும் நீதான் ஆணி வைத்து இறுக்கியிருந்தாய். நீ முற்றத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்ன டி.வி. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கத்தினேன். தட்டினேன். கடைசியில் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுத்தேன், கண்ணாடியை உடைக்க.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. "பின்னாடி யாரு தட்டுறது? டேக் போகுதுல்ல! சத்தம் போடாதீங்க!"

நான் கையை இறக்கிவிட்டேன்.

இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்பா தரையில் கிடக்கிறார், உன் குரல் கேட்டதும் நான் கையை இறக்கினேன். இவன் டேக் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் அலைந்து வாங்கிய ஒரே வாய்ப்பு, முடியட்டும், இதோ முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ மறுபடி மறுபடி எடுத்தாய். அதற்குப் பிறகு உடைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், நீ திரும்புவாய் என்று.

நீ சாப்பாட்டுக்கு விட்டபோது மேக்கப் போடுகிற அம்மா வந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன், அவர்தான் சந்துப் பக்கமாக அப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார். கூடையிலிருந்து போனை எடுக்க வந்தபோது உன்னிடம் சொன்னேன், "அப்பாவுக்கு முடியல, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்." நீ அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் "சரிக்கா" என்று கையை ஆட்டினாய். சாயங்காலம்தான் பக்கவாதம் வந்தது என்று நான் உன்னிடம் சொன்னது பொய். முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர்.

நாலு லட்சம் பேர் என்னைப் பார்த்துவிட்டார்கள். எடுத்தவன், வெட்டி ஒட்டியவன், முந்நூறு தடவை பார்த்தவன், என் கூடப் பிறந்தவன், நீ பார்க்கவில்லை. அதில் நான் நன்றாக நடித்திருக்கிறேன் என்கிறாய்.

கூப்பிட்டேன் தம்பி. விரட்டவில்லை. உன் ரசிகர்களிடம் சொல்லிவிடு.

வீடு தர முடியாது. நானும் நிற்க மாட்டேன். ஏழு மாதமாக அந்த ஜன்னலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

பதினாறு நாள் ஆகிவிட்டது. எட்டுத் தாள் கிழித்தேன், இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று எடிட்டிங் அறைக்குப் போய் ஒன்பதாம் நாள் எடுத்த எல்லாவற்றையும் திறந்தேன், வெட்டாமல் இருக்கிற மூலத்தை. அந்த ஒரு காட்சிக்குப் பதினோரு டேக். கதாநாயகி கண்ணில் பயம் வரவில்லை என்று பதினோரு தடவை எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது டேக்கில் ஜன்னலில் நீ வருகிறாய். மூன்றாவதில் கையில் வெள்ளையாக ஏதோ ஓங்கியிருக்கிறது, பிளாஸ்டர். அப்புறம் ஒலியில் என் குரல். நீ எழுதிய அதே சொற்கள், ஒன்று கூட மாறவில்லை. கை இறங்குகிறது. ஆறாவதில் உள்ளங்கை கண்ணாடியில். அதைத்தான் படத்தில் வைத்தேன், அதில் கதாநாயகி கண் சிமிட்டவில்லை என்பதற்காக. ஒன்பதாவதில் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருக்கிறாய். பத்தில் ஜன்னல் காலி. அப்பாவிடம் போய் உட்கார்ந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

தட்டும் சத்தம் முதல் மூன்று டேக்கிலும் தெளிவாக இருக்கிறது. அதைத் துடைத்து எடுத்ததும் நான்தான். "வெளிச்சத்தம், நீக்கு" என்று என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது.

நீ கையை இறக்கியதற்கு நீ காரணம் இல்லை அக்கா. கத்தியது நான்.

தயாரிப்பாளரிடம் போய் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணமும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பி, இது தெரிஞ்சா இன்னும் நல்லா ஓடும்" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம். படம் அவர் பெயரில் இருக்கிறது, என்னால் ஒரு வினாடியைக் கூட வெட்ட முடியாது. நான் எடுத்ததற்குள் நானே மாட்டிக்கொண்டேன். தினமும் யாராவது அந்தக் கையைப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் அதைத்தான் பேசுகிறார்கள். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் பாகம் நான் எடுக்கவில்லை. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வேறு வீடு, வேறு ஜன்னல் கட்டிக்கொள்வார்களாம்.

பல் லேபுக்கு, வேலையில் சேர்கிறேன் என்று எழுதிவிடு. நான் ஜூலை 27 வருகிறேன். விருந்தாளியாக வரவில்லை. அப்பாவுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன்.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

படித்தேன். நாலு தடவை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. அதனால் வேலையை எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். தூக்கும்போது அக்குளில் கை கொடு, கையைப் பிடித்து இழுக்காதே. சோறு மசித்து, இடது பக்கமாகத்தான் ஊட்ட வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று பார்க்காமல் அடுத்த வாய் கொடுக்காதே. கீழ்ப் பல் செட் புதிதாகச் செய்திருக்கிறேன், வாய் கோணிய பிறகு பழையது சேரவில்லை. சாப்பிட்டதும் கழற்றிக் கழுவி வை. முதல் வாரம் உன்னைக் கடிப்பார். எனக்கும் நடந்தது.

அப்பா இப்போது ஒரு வழியில் பேசுகிறார். கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார், இடது கையால். முப்பது வருஷம் பஸ் தகரத்தைத் தட்டிய கண்டக்டர் கை. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். ஊட்டும்போது போதும் என்றால் ஒன்று, இன்னும் வேண்டும் என்றால் இரண்டு. இதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை.

நீ வருவதை அவரிடம் சொன்னேன். தட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் தரையில் கிடந்த இடத்திலிருந்து ஜன்னல் நேராகத் தெரியும். நான் கையை ஓங்கியதையும் இறக்கியதையும் பார்த்திருப்பார். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் கண்ணைப் பார்க்காமலே எட்டு மாதமாக ஊட்டுகிறேன். வேலைக்குப் போக முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேனே, கடமை என்று. கடமை பாதிதான். எழுந்து போய்விட்டால், இவள் என்னைக் கைவிட்டவள் என்று அவர் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

மூன்று தடவை பெட்டியை அடுக்கி மூன்று தடவை பிரித்துவிட்டேன். நீ வந்து நின்றாலும் நான் போவேனா என்று தெரியாது. கேமராவோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா


ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

ஒரு வாரம் ஆயிற்று. தங்குமிடம் லேபுக்கு மேல் மாடியில். ஜன்னல் பெரியது, தெரு தெரிகிறது, கீழே ஒரு சைக்கிள் கடை.

இங்கே எல்லாரும் என்னை மேடம் என்கிறார்கள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். முதல் நாள் லேபின் அடுப்பறையில் பல்லுக்கு மெழுகு உருக்கிவிட்டுத் திரும்பினால் கதவு மூடியிருந்தது. தானாக மூடிக்கொள்கிற கதவு. யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன் தம்பி. ஒரு பெண் உள்ளே வந்து, "என்ன மேடம், நிக்கறீங்க?" என்றாள். பிடி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உன்னிடம் சொல்லாமல் வந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளம்புகிற அன்று நீ ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போனாய். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்றேன். கால் வரவில்லை. சரி, இது நமக்கு எழுதவில்லை, பெட்டியைப் பிரித்துவிடலாம் என்று திரும்பி உள்ளே வந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரை மாதத்துக்குப் பிறகு நானும் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"அப்பா, அன்னைக்கு நான் கண்ணாடிய உடைச்சிருக்கணும்" என்றேன்.

அவர் கரண்டியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டு தட்டினார். நான் நின்றேன். மறுபடி இரண்டு. கோபமாக, கம்பி அதிர. படியில் தயங்கி நிற்கிற பயணியை விரட்டுகிற மாதிரி.

ஆட்டோவில் ஏறியதும் நான் அழுததைப் பார்த்து, ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று நீ நினைத்திருப்பாய்.

முதுகில் புண் எதுவும் இல்லையே? பார்த்து எழுது.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

முதுகு சுத்தமாக இருக்கிறது. இரண்டு தடவை கடி வாங்கினேன், இரண்டும் ஆள்காட்டி விரலில். நீ செய்த பல் வரிசையாகத்தான் பதிகிறது.

நீ போன மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நாலு திருகாணி. ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, அடைக்கவில்லை. கதவு பழையபடி காற்றுக்குத் திறந்து கிறீச்சிடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் நான் அடித்த ஆணிகளையும் பிடுங்கினேன், இப்போது அது திறக்கும். திரையை எடுத்துவிட்டேன்.

உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த அறையில் இருபது நாள் ஆகிறது. அப்பாவைப் புரட்டுகிறேன், ஊட்டுகிறேன், கழுவுகிறேன், அதற்குள் மறுபடி புரட்டும் நேரம் வந்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறேன். பன்னிரண்டு நாள் இந்த வீட்டில் இருந்து, வெளியே போக முடியாதவர்களைப் பற்றிப் படம் எடுத்தேன். இந்த அறைக்குள் ஒரு தடவை கூட வந்து உட்காரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்துவிட்டார். அக்குளில் கை கொடுத்தேன், தூக்க முடியவில்லை. விட்டால் விழுந்துவிடுவார். தலையணைகளை அண்டை கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். சந்தில் மூன்று பேர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "கொஞ்சம் வாங்க, ஒரு கை குடுங்க!" என்று கத்திக் கையை ஆட்டினேன். மூன்று பேரும் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் தையல்காரரைக் கூப்பிட்டேன், அவர் வந்தார்.

மறுநாளே போட்டுவிட்டார்கள். தாடியோடு, வாயைத் திறந்துகொண்டு, நான்.

"சாபம் தொடருது! அந்தப் பொம்பளையக் காணோம். அதே ஜன்னல்ல இப்ப ஒரு ஆம்பளை!"

"அவள விட்டுட்டு இவனப் பிடிச்சுக்கிச்சு போல."

"கூப்பிடுறானா, விரட்டுறானா?"

முதலில் சிரிப்பு வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவருக்கும் தோள் குலுங்கியது. அப்புறம் நான் கையை ஆட்டியது எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் யாரும் வரவில்லை என்றதும் எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. நீ ஒன்பதாவது டேக் வரைக்கும் நின்றாய். அக்கா, மன்னித்துவிடு என்று இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நீ கவனித்திருப்பாய். எழுதினால் பதிலுக்கு நீ ஏதாவது எழுத வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன், பதில் வேண்டாம். உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேற்று அப்பா

தட்டுகிறார். ஒரு தட்டு. நிறுத்தச் சொல்கிறார்.

நிறுத்திவிட்டேன். போகிறேன்.